வீங்காத காதுகள்

கூண்டுக்குள் எலிகள் சொகுசாகத் தூங்கின. ஒன்றின் காதுகூட வீங்கவில்லை. ஆராய்ச்சி மாணவன் டெக்லன் மூன்றாவது முறையாகக் குனிந்து பார்த்தான்.

விஷயம் இதுதான். எலியின் வயிற்றை மழித்து ஒரு மருந்தைப் பூச வேண்டும். உடம்பின் காவல்காரர்களான டி செல்கள் அதை எதிரியென்று மனப்பாடம் செய்துகொள்ளும். அடுத்த வாரம் காதில் பூசினால், சாவகாசமாக மறுநாள் வந்து காதை வீங்கவைக்கும். வயிற்றில் போன வாரமே பூசியாயிற்று, காதில் நேற்று. டி செல்களைத்தான் காணோம். நாளை பேராசிரியர் க்ளெனிஸ் வருகிறார். வீக்கம் இல்லையென்றால் இவன் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"என்னடா, காது செவந்திருக்கு?" என்றாள் பக்கத்து மேஜை பிரைடி.

"எந்த எலிக்கு?" துள்ளி எழுந்தான்.

"உனக்குடா!"

தொட்டுப் பார்த்தான். இடது காது தடித்து அரித்தது.

"ஐயோ, வெள்ளைவால் சிலந்தி!" மெல்போர்னில் எது வீங்கினாலும் பழி அதன்மேல்தான். "கடிச்ச இடம் அழுகிடும்னு சொல்றாங்களே?"

"அழுகினா சொல்லு, போட்டோ எடுத்துக்கறேன்."

சிலந்தி பயம் ஒரு பக்கம், க்ளெனிஸ் பயம் மறுபக்கம். க்ளெனிஸ் பயமே வென்றது. எலிக் காதுகளில் மறுபடி, இரட்டிப்பாகப் பூசினான். அவசரத்தில் மருந்து கையுறைமேல் சிந்தியது. போன வாரமும் இப்படித்தான் மணிக்கட்டில் கொட்டிக்கொண்டான். கழுவினான், ஒன்றும் ஆகவில்லை. பயம் வந்தால் காதைச் சொறிவது அவன் பழக்கம். நேற்று மருந்து பூசும்போது இடது காது. இன்று கையுறையோடே வலது காதைச் சொறிந்தான்.

மறுநாளும் எலிகள் அப்படியே. டெக்லனின் இரண்டு காதும் பணியாரமாக உப்பி, தொப்பிக்குள் அடங்க மறுத்தன.

க்ளெனிஸ் அளவுகருவியோடு வந்தார். எலிக் காதுகளை அளந்தார். முகம் இறுகியது.

"டெக்லன், இதை இத்தோட விட்டுடலாம்பா."

அவனுக்கு உயிரே போய்விட்டது. "இன்னும் ஒரு நாள் குடுங்க க்ளெனிஸ்! சிலந்தி கடிச்சு நான் செத்தாலும் பரவாயில்ல!"

தலையை ஆட்டிய வேகத்தில் தொப்பி கழன்று விழுந்தது. க்ளெனிஸின் அளவுகருவி தானாக அவன் காதுப் பக்கம் நீண்டது.

பிரைடி ஓர் எலியைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். புசுபுசுவென்று முடி.

"டேய், மழிச்ச உன் எலிங்க மேல் தட்டுல இருக்கு, இதுங்க என்னோடது! இந்த ரூம்லயே ரெண்டு வாரமும் மருந்து பட்டது உனக்கு மட்டும்தான்டா!"