முப்பத்தெட்டு கிலோ

காரை ஓட்டியே ஒழித்தவர்களைச் சென்னை நிறையப் பார்த்திருக்கிறது. கழற்றியே ஒழித்தவர் தராசு மாமா ஒருவர்தான்.

தி. நகர் நகைக்கடை ஒன்றில் முப்பது வருடம் தங்கம் எடை போட்டு ஓய்வு பெற்றவர். மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் வீடு, வாசலிலேயே கார். ஐம்பது வயதான ஜப்பான் வண்டி. இரண்டே கதவு, முதலையைப் போல் நீண்ட மூக்கு. ஓய்வு பெற்ற மறுநாள், அதைப் பந்தயக் கார் ஆக்கப்போவதாக அறிவித்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பழைய கார்களுக்கென்று வருடத்துக்கு ஒரு பந்தயம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை அதில் ஓட வேண்டும். இதய டாக்டரும் ஒரே ஒரு முறைக்குத்தான் சான்றிதழ் கொடுத்தார். அடுத்த வருடம் வந்து நிற்கக் கூடாது என்று சொல்லித்தான் கையெழுத்தே போட்டார்.

எடை குறைந்தால் வேகம் கூடும். மாமாவுக்கு இது போதுமானதாக இருந்தது. சாம்பல் கிண்ணம் போனது. ரேடியோ, பின் சீட், தரைவிரிப்பு என்று வரிசையாகப் போயின. ஒவ்வொன்றையும் எடை போட்டுவிட்டுப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவார். மாடிப்படியில் என்னைப் பார்த்தால், "இன்னைக்கு நானூத்திப் பத்து கிராம், சார்!" என்பார். கதவுத் தகட்டில் வரிசையாக ஓட்டை போட்டார்.

மெக்கானிக் பாஷா குனிந்து பார்த்தார். "இன்னா மாமா இது? பூந்தி கரண்டி மாதிரி கீது?"

"பூந்தி கரண்டி லேசா இருக்கும்லா? அதுக்குத்தான்."

சைலன்சரும் போனது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எஞ்சினை முடுக்குவார். குக்கர் விசில் காதில் விழாமல் மூன்றாம் மாடியில் பருப்பு கரிந்தது. குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

கடைசியில், ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட். ஞாயிறுதோறும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக, அவர் மனைவி கோமதி உட்காருகிற சீட்.

"முப்பத்திரண்டு வருஷமா நான் உக்காந்த எடம். அதுல என்னத்தக் கண்டீங்க?"

"பதினொன்றரைக் கிலோ" என்றார் மாமா.

அதை மட்டும் இரும்புக் கடைக்குக் கொடுக்க கோமதி விடவில்லை. கூடத்தில் போட்டார். துவைத்த துணி அதில் உட்கார்ந்தது, அவர் உட்காரவில்லை.

அப்புறம் மாமா தன்மேலேயே கை வைத்தார். இரவுச் சாப்பாடு நின்றது. மோதிரம் கழன்றது. ஒரு காலை மீசையும் இல்லை.

"மீசை எத்தனை கிராம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு. ஈரமா இருந்தா மூணு."

பந்தய நாளன்று மாமா, கோமதி, பாஷா, நான் என நாலு பேரும் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே ஓட்டுபவரோடு சேர்த்துக் காரை எடை போடுகிறார்கள். அதிகாரி திரையைப் பார்த்தார். "ஐயா, முப்பத்தெட்டு கிலோ குறையுது."

"குறையணும்னுதானே தம்பி இவ்வளவும்!"

"இல்லைங்க. இந்தப் பிரிவுக்குக் குறைந்தபட்ச எடை உண்டு. அதுக்குக் கீழ இருந்தா ஓட்ட முடியாது."

விதிப் புத்தகம் முழுவதையும் படித்திருந்த மாமா, எடை பற்றிய பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. அது தனக்குத் தெரிந்த விஷயம் என்று விட்டுவிட்டாராம்.

ஒரு மணி நேரம் அவகாசம். போல்ட் போட்டு இறுக்காத எதையும் காரில் வைக்கக் கூடாது. கழற்றியதெல்லாம் இரும்புக் கடையில். மிஞ்சிய ஒன்று மாம்பலத்தில். கோமதி புளியோதரை டப்பாவைத் திறந்தார். நாலு பேருக்கான சோற்றை மாமா ஒருவரே தின்றார். இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார். மறுபடி காரில் ஏறினார்.

"இன்னும் முப்பத்தஞ்சு குறையுது" என்றார் அதிகாரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு வாரம் டைம் குடு சார், மாமா துன்னே பாஸாயிடுவாரு" என்றார் பாஷா. யாரும் சிரிக்கவில்லை, பாஷா உட்பட.

பந்தயம் தொடங்கியது, முடிந்தது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், நின்ற காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஞாயிறு சத்தமே இல்லை. பருப்பு ஒழுங்காக வெந்தது.

நாலாவது ஞாயிறு கூடத்திலிருந்து சீட்டை எடுத்துப்போய், நாலு போல்ட் போட்டு இறுக்கினார். கோமதி ஏறி உட்கார்ந்தார்.

"இப்ப எத்தனை கிலோ கூடிருக்கு?"

மாமா மீசை முளைத்துவரும் இடத்தைத் தடவினார். "எடை போடல."

விளக்கில்லை, ஹாரன் இல்லை; அந்த வண்டி இனிப் பெசன்ட் நகர் போகாது. ஞாயிறுதோறும் இருவரும் ஏறி, எஞ்சினை முடுக்கி, எதிரே காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குகிறார்கள். புகாரை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஐந்து மணி தாண்டியும் சத்தம் வராவிட்டால், படியிறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.