அந்தப் பாறைப்பொடி வயலுக்கு

மகாராஜபுரம்,
செவ்வாய்க்கிழமை காலை

செட்டியார்பட்டி சம்பந்தி பாண்டிச்செல்வம் அவர்களுக்கு வேல்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் சுகம், மண்ணுக்குத்தான் சுகமில்லை. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் எங்கள் மகள் வெங்கடேஸ்வரியும் சுகமாக இருக்க ஆண்டாள் அருள வேண்டும். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசி முடித்துவிடுகிறீர்கள் என்பதால் இந்தக் கடிதம்.

சம்பந்தி, நான் வீடு கட்டவில்லை. பட்டாளத்திலிருந்து வந்த நாள் முதல் யூரியாவைக் கொட்டியே வயலைச் சக்கையாக்கிவிட்டேன், போன போகம் நெல்லில் பாதி பதர், பாறையைப் பொடித்து இட்டால் அதிலுள்ள தாதுச்சத்து மெல்ல மண்ணில் இறங்கும் என்று விவசாயிகள் கூட்டத்தில் சொன்னார்கள், கல்லுடைக்கும் கிரஷரில் சொல்லி ஒரு லோடு பொடி வரவழைத்தேன், வயலில் ஈரம் என்று லாரிக்காரர் ரோட்டோரமே தட்டிவிட்டுப் போனார், வினை அங்கே பிடித்தது. ரோட்டோரம் கிரஷர் பொடி கிடந்தால் நம் பக்கத்தில் அதற்கு வீடு கட்டுகிறார்கள் என்று ஒரே அர்த்தம்தானே. பக்கத்து வயல் பிச்சையம்மாள், "மாமா, பால்காய்ச்சு எப்போ?" என்றாள். மண்ணுக்குச் சாப்பாடு என்றேன். "கல்லத் திங்கிற மண்ண இப்பத்தான் பாக்கேன்" என்று மாட்டுக்கொட்டகைத் தரைக்கு ரெண்டு கூடை அள்ளிப் போனாள்.

செய்தி உங்கள் ஊர் வரை வந்து, நீங்கள் சாம்சன் கொத்தனாரோடு வந்து இறங்கி, வயல் மேட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "மகளுக்கு வீடு கட்டுதத இப்படி மறைச்சுட்டியளே" என்று என் தோளில் கை போட்டீர்கள். கல்யாணமான பிறகு நீங்கள் என் தோளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சுகத்தில் வாயடைத்து நின்றுவிட்டேன், அதுதான் என் தப்பு. இப்போது சம்பந்தியம்மாள் தன் கையாலேயே வெங்கடேஸ்வரிக்குக் காபி போட்டுத் தருகிறார்களாம். அதைக் கேட்டபிறகு இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் அந்த மண்ணுக்கு நான் செய்த கெடுதலுக்கு இந்தப் பொடியையாவது போட வேண்டும். தயவுசெய்து கொத்தனாரை நிறுத்திவிடுங்கள். காபியை மட்டும் நிறுத்த வேண்டாம்.

பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லி முடிக்கும்,
வேல்பாண்டி

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கவர் வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் கொத்தனார் வந்திருக்கிறார், என் மனைவி மாரிக்கனி பொடி முழுவதையும் டிராக்டரில் ஏற்றி உங்கள் சுண்ணாம்புக் கோட்டுக்குள் கொட்டச் சொல்லிவிட்டாள். கேட்டால், "மண்ணு இத்தன வருசம் பொறுத்துச்சு, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும். நம்ம பிள்ள பொறுக்குமா?" என்கிறாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டுகிறோம், குடும்பத்தோடு வாருங்கள். வயலுக்கென்று மிஞ்சியது என் வேட்டியில் ஒட்டியிருந்த பொடிதான். வரப்பில் நின்று அதை உதறிவிட்டு வந்தேன்.