கார்பரேட்டரின் இடது பக்க ஜீப்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க எத்தனையோ ராஜாக்கள் படை திரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட எங்கள் கார்பரேட்டர் அளவுக்குப் பிடிவாதம் இருந்திருக்காது. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன்.

அறுபதுகளில் நான் செஞ்சி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எங்கள் தெருக்கோடி அரிசி மில்லில் மெக்கானிக்காக இருந்த அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்னவோ, தெரியாது. லாரி நின்றாலும் பம்புசெட் மக்கர் செய்தாலும் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்; அதுவே அவருக்கு ஊர் வைத்த பெயராகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கார்பரேட்டர்ல அடைப்பு சார். கஷாயம் வுட்டு க்ளீன் பண்ணா சரியாப்பூடும்" என்றார். சரியாகவும் போய்விட்டது.

ஒருநாள் அவலூர்பேட்டையிலிருந்து இரண்டு மாடுகள், யுத்த காலத்து அமெரிக்க ஜீப் ஒன்றை இழுத்துக்கொண்டு பஜாருக்குள் வந்தன. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கவர்னர் மாதிரி கார்பரேட்டர். யாரோ மிலிட்டரி ஏலத்தில் எடுத்துப் புளியந்தோப்பில் போட்டுவைத்த வண்டி. பின்பக்கம் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி இறங்க மறுத்ததால் அதுவும் கூடவே வந்திருந்தது.

"இத்தயா ஓட்டப்போற?" என்றார் அவர் மனைவி தனபாக்கியம்.

"ஓட்டறதா? பறக்க வுடறேன் பாரு."

மில் வேலை போக மற்ற நேரமெல்லாம் வண்டிக்கு அடியில்தான் இருந்தார். மூடிப்போன டூரிங் டாக்கீஸின் நாற்காலிகள் சீட்டாயின. லாரியின் ஹெட்லைட்டைப் பொருத்தியதில், எதையோ பார்த்து அதிர்ந்துபோன மாதிரி ஜீப் விழித்தது. கிடைக்காத சாமானையெல்லாம் மில்லின் பழைய இரும்பில் அராவி அராவிச் செய்தார். புகைக்குழாயை நீட்டிக் கூரைக்கு மேலே கொண்டுபோனபோது பஜாரே சிரித்தது.

"இன்னாத்துக்குய்யா இது? சோறு ஆக்கப்போறியா?"

"தண்ணியில போவணும்ல!"

செஞ்சி வெயிலில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

வண்டி கிளம்பிய அன்று சிரிப்பு நின்றது. மலையே உறுமுகிற மாதிரி சத்தம். கோட்டையடியில் பாறை மேலெல்லாம் ஆடு மாதிரி ஏறியது. ஒரே ஒரு சிக்கல். ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்ததால், வலது பக்கம் கை காட்ட ஆள் வேண்டும். தனபாக்கியம் அக்கா அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். அக்கா கை காட்டிய பக்கம்தான் வண்டி திரும்பும். மில்லுக்குப் புறப்பட்ட ஜீப் பல தடவை ஆற்றங்கரையிலிருந்த அக்காவின் அம்மா வீட்டு வாசலில் போய் நின்றது.

எனக்குப் பெண் அமைந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில். கல்யாணத்தன்று காலை சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். பஸ் இல்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள்; மறுநாள் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடிகிறவரை மாதா கோயிலில் கல்யாணம் கிடையாது. பெண்ணின் பெரியப்பாவோ ஆரம்பத்திலிருந்தே வேறு மாப்பிள்ளைக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்தவர்.

பட்டு வேட்டியோடு கரையில் நின்றேன். அழுகையே வந்துவிட்டது. நைனா, என் அப்பா, தோளில் கை வைத்தார். பின்னால் அந்த உறுமல் கேட்டது.

"ஏறுங்க சார்!"

அம்மா, நைனா, நான் மூவரும் பின்னால் ஏறினோம். கார்பரேட்டர் பானெட்டைத் திறந்து, எஞ்சின் காத்தாடி தண்ணீரை வாரியடிக்காமல் இருக்க பெல்ட்டைக் கழற்றினார். ஒயர்களைச் சைக்கிள் டியூபால் சுற்றி கிரீஸ் பூசினார்.

"அக்கா, நீங்களாவது எறங்கிக்குங்க" என்றேன்.

"நான் எறங்கிட்டா இந்தாளுக்கு வழி யாரு காட்டறது? பொறந்ததுலருந்து பாக்கற ஆறு!"

ஜீப் தண்ணீருக்குள் இறங்கியது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, சீட்டுக்கு வந்தது. அக்கா எழுந்து நின்று கையை நீட்டினார். "ரைட்டுல ஒடிய்யா, லெப்டுல பள்ளம்!" நடு ஆற்றில் வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. எஞ்சின் இருமியது. அம்மா மாதாவைக் கூப்பிட்டாள். கார்பரேட்டர் ஸ்டீயரிங்கை ரைட்டில் ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முன்சக்கரம் எதையோ கவ்வியது. புகைக்குழாயிலிருந்து கரும்புகை கிளம்ப, தண்ணீர் வழிய வழிய, ஒரு காட்டு மிருகம் மாதிரி கரையேறினோம்.

ஊரே ஓடி வந்தது. பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது வண்டியா, யானையா?" என்று கேட்டுவிட்டு, தானே முன்னால் நடந்து எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

கோயில் வாசலில் எடுத்த கல்யாண போட்டோ இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அம்மா, நைனா, பெரியப்பா, தனபாக்கியம் அக்கா எல்லாரும் நிற்கிறார்கள். ஓரத்தில் ஜீப். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எத்தனை கூப்பிட்டும் மனுஷன் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி போட்டோவில் ஒவ்வொருவரையும் காட்டிப் பெயர் சொல்லுவாள். கடைசியில் அந்தக் கால்களைத் தொட்டு, "இது எங்க அண்ணன்" என்பாள்.