பயணிகளின் கனிவான கவனத்திற்கு, நான் குடிக்கவில்லை

அன்பும் பாசமும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ கோபமாக எழுதிய கடிதம் கிடைத்தது. "நம்மைப் பெத்தவங்க உயிரோட இருந்திருந்தா இதைக் கேட்டு உயிரை விட்டிருப்பாங்க" என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் அந்தச் சிரமத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டது என் அதிர்ஷ்டம்.

நான் பட்டப்பகலில் குடித்துவிட்டு, வேலை செய்கிற பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் உளறினேன், பாட்டுப் பாடினேன், மேற்பார்வையாளரை அவன் இவன் என்று பேசினேன் என்று சின்ன அத்தை உன்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இதில் குடித்தேன் என்பது பொய். பாடினேன் என்பது பாதிப் பொய், இரண்டே வரிதானாம். அவன் இவன் என்பது சுத்தமான, கலப்படமில்லாத பொய். "அவர்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். நிலையம் முழுக்கச் சாட்சி இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை வந்ததும், மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு வந்ததும் உனக்குத் தெரியும். "ஆபீஸ்ல மட்டும் வாயைத் திறந்துடாதே, ஓரங்கட்டிருவாங்க" என்று சொன்னவளும் நீதான். உன் பேச்சை நான் கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான், அதுவும் இப்படி ஆகிவிட்டது. வேலைக்கு நடுவே போட வேண்டிய ஊசியைக் கழிவறைக்குள் போய் ஒளிந்து போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையில் ஊசி, ஒரு கையில் வயிற்றுச் சதை, ஒரு காலால் கதவு, மிச்சமிருந்த ஒரு காலில் நான். சர்க்கஸில் இதற்குத் தனியாகக் கைதட்டுவார்கள்.

நான் உட்கார்ந்து அறிவிப்புச் செய்கிற இடம் நிலையத்துக்கு நடுவில் மாடி மேலே இருக்கிற கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் எல்லா நடைமேடையும் தெரியும், எல்லா நடைமேடையிலிருந்தும் பார்த்தால் நான் தெரிவேன். அந்த அறைக்குள் ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாது. எப்போதோ யாரோ சிந்திய சோற்றுக்கு வந்த எலி, சோறு தீர்ந்ததும் ஒயரைக் கடித்து, ஒரு நாள் முழுக்க ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டதாம். அன்றிலிருந்து மேற்பார்வையாளர் கதவில் தடை எழுதி ஒட்டிவிட்டார். அவருக்கு எல்லோரும் வைத்திருக்கிற பெயர் விசில். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். பேச வேண்டிய இடத்திலெல்லாம் ஊதுவார். வீட்டில் சாப்பாடு கேட்பதும் ஊதித்தான் என்று ஓட்டுநர்கள் சொல்கிறார்கள்.

அன்றைக்குத் தொடர் விடுமுறையின் முதல் நாள். கூட்டம் என்றால் கூட்டம், எள் போட்டால் எள் கீழே விழாது, அதுவும் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடும். மதியம் என்னை மாற்றிவிட வேண்டிய பெண் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில், வழக்கம்போல ஒற்றைக் காலில் நின்று ஊசியைப் போட்டுக்கொண்டு, கீழே ஓய்வறையில் இருக்கிற டிபன் பாக்ஸைத் திறக்கலாம் என்று படியிறங்கினேன். பாதிப் படியில் விசில் சத்தம்.

"எங்க போறீங்க? மாத்துறதுக்கு ஆள் இன்னும் வரல. ஒரு பத்து நிமிஷம் பாத்துக்கங்கம்மா."

"சார், சாப்பிட்டுட்டு வந்துடறேனே..."

"எல்லாருக்குந்தான் பசிக்குது. நான்கூடத்தான் இன்னும் சாப்பிடல."

ஊசி போட்டுவிட்டேன், உடனே சாப்பிட்டாக வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டேன். வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான். மேலே ஏறி உட்கார்ந்தேன். ஊசி உள்ளே, சாப்பாடு கீழே, நான் மேலே. விசிலின் பத்து நிமிஷம் எப்படிப்பட்டது என்று அங்கே வேலை பார்க்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதற்குள் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பேர் வைத்துவிடலாம். முதலில் கை நடுங்கியது. பிறகு ஜாக்கெட் முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வியர்த்தது. பிறகு நேர அட்டவணையில் இருந்த எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது. அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. ஆறாம் நடைமேடையில் நின்ற ஒரு கண்டக்டர் பிற்பாடு சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று சரியாகத்தான் ஆரம்பித்திருக்கிறேன். "மூன்றாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து மிகவும் களைப்பாக இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதில் ஏறித் தொந்தரவு செய்ய வேண்டாம்." அக்கா, ஒலிபெருக்கி சொன்னால் ஜனங்கள் கேட்டுவிடுகிறார்கள். ஏறி உட்கார்ந்திருந்தவர்கள்கூட மூட்டை முடிச்சோடு இறங்கி, பஸ்ஸைப் பாவம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அடுத்து, "எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றேனாம். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரு இடம் தள்ளி உட்கார, ஓரத்தில் இருந்தவரெல்லாம் தரைக்கு வந்துவிட்டார்கள். "ஆறாம் நடைமேடை ஓட்டுநர் அவர்களே, சாப்பிட்டீங்களா? நான் சாப்பிடல" என்றேனாம். "நீலக் குடை வைத்திருக்கும் அம்மா, நீங்க அசப்புல எங்க அக்கா மாதிரியே இருக்கீங்க, பஸ் ஏறிடாதீங்க, கொஞ்ச நேரம் இருங்க" என்றும் சொன்னேனாம். அந்த அம்மாள் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டாராம். நீயானால் போனைக்கூட எடுக்க மாட்டேன் என்கிறாய். கடைசியாக, "மேற்பார்வையாளர் அவர்கள் எங்கிருந்தாலும் தமது விசிலை விழுங்கிவிட்டு உடனே வரவும்." பார்த்தாயா, எவ்வளவு மரியாதை. பாட்டு இதற்கப்புறம்தான்.

விசில் மூச்சிரைக்க மேலே ஓடி வந்து, என் நாற்காலியைத் திருப்பி, முகத்துக்கு நேரே குனிந்து, "ஊதும்மா! ஊது பாப்போம்!" என்றாராம்.

"நீங்கதானே எப்பவும் ஊதுவீங்க" என்றேனாம் நான். மைக் அணைக்கவில்லை. நிலையமே சிரித்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் ஆறாம் நடைமேடைக் கண்டக்டர் கையில் ஜூஸ் பாட்டிலோடு படியேறி வந்திருக்கிறார். "சார், தள்ளுங்க. இது தண்ணி இல்ல, சுகர் இறங்கியிருக்கு. எங்க வீட்டம்மாவுக்கும் இதேதான். சாதாரணமா என்னை வாடா போடாங்கும். திடீர்னு ஒருநாள் 'என்னங்க, வாங்க'ன்னு மரியாதையா கூப்பிட்டா, நான் ஜூஸை எடுத்துட்டு ஓடிருவேன்."

கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். மெல்ல மெல்ல எறும்பெல்லாம் எழுத்தாகத் திரும்பியது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே அத்தனை தலையும் என்னையே பார்க்கிறது. "என்ன ஆச்சு?" என்றேன். அதுவும் எல்லா நடைமேடையிலும் கேட்டது. கீழேயிருந்து யாரோ, "மொதல்ல சாப்பிடும்மா, அப்புறம் சொல்றோம்!" என்று கத்தினார்.

மறுநாள் விசில் என்னைக் கூப்பிட்டு, குடித்ததாகப் புகார் எழுதவில்லை என்பதையே பெரிய உபகாரமாகச் சொல்லிவிட்டு, என்னைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார். "உடம்பு சரியில்லாதவங்களுக்கு மைக் வேலை சரிப்படாதும்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." நல்லதுக்கு என்று எவராவது சொன்னாலே இப்போதெல்லாம் எனக்கு வியர்க்கிறது, ஊசி போடாமலேயே. ஜன்னல் இல்லாத அறை. குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு செட் பல், ஒரு ஏணி. ஏணியை ஒருவர் எப்படி அக்கா தொலைக்க முடியும்? வருகிறவர்கள் எல்லோரும் தொலைத்ததைத் தேடி வரவில்லை, "அன்னிக்குக் குடிச்சிட்டுப் பேசினது நீங்கதானா?" என்று என்னைப் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அந்த மைக்தான் எனக்கு எல்லாம். என் குரல் கேட்டால்தான் பஸ் கிளம்பும் என்று ஒரு திமிர்கூட எனக்குள் இருந்தது. குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். மைக் இல்லாததால் நிலையத்துக்கு அது தெரியாமல் போயிற்று.

மாற்று ஆள் போதாமல் விசிலே மைக்கில் உட்கார்ந்தார். வாக்கியத்துக்கு நடுவே பழக்கதோஷத்தில் ஊதிவிடுவார். "ஏழாம் நடைமேடை... இல்ல, எட்டு... அட, அந்தப் பச்சை பஸ்ஸுப்பா!" நின்றதில் பாதி பச்சை பஸ். ஓட்டுநர் ஒருவரே தப்பான பஸ்ஸில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இத்தனைக்கும் விசில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"விடு, வேலையாவது மிஞ்சுச்சே" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்ன விதத்தில்தான் எனக்கு ரோஷம் வந்தது. டாக்டரிடம் போய் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனேன். மேலாளர் ஓர் அம்மாள், அதிகம் சிரிக்காதவர். விசிலையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம், "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னா மைக்கை விட்டுத் தூக்கிடுவீங்கன்னு பயம் மேடம்."

"அப்படியெல்லாம் நாங்க..." என்று ஆரம்பித்தவர் விசிலைப் பார்த்தார். விசில் கூரையைப் பார்த்தார். "தெரிஞ்ச மறுநாளே தூக்கிட்டோம், இல்ல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

எனக்கு என்ன வேண்டும் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை. குரலே எழும்பவில்லை, அதுவும் எனக்கு! மெல்லச் சொன்னேன். "நேரத்துக்குச் சாப்பிட விடணும். மேசையில பிஸ்கட்டும் ஜூஸும் வச்சுக்கணும். ஊசி போட, தாழ்ப்பாள் இருக்கிற ஒரு ரூம். அவ்வளவுதான் மேடம்."

"எலி வரும் மேடம்" என்றார் விசில்.

"மூடி போட்ட டப்பா கடையில கிடைக்குதுல்ல? எலிக்குப் பயந்து ஆளைப் பட்டினி போடணுமா?"

"இதுல ஏதாவது ஆச்சுன்னா யார் மேடம் பொறுப்பு?"

"சாப்பிட விடாம உக்கார வச்சவங்கதான். அன்னிக்கு உக்கார வச்சது யாரு?" என்றார் அந்த அம்மாள். விசிலின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. நல்லவேளை, ஊதவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் கண்ணாடி அறையில் இருக்கிறேன். மேசையில் மூடி போட்ட டப்பா. முதலுதவி அறையில் ஊசி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு. எனக்குச் சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் மிதமிஞ்சிச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. நேற்று ஓர் ஓட்டுநருக்கு வணக்கம் வைத்தேன், ஜூஸோடு ஓடி வந்தார்.

ஆனால் விசிலை நான் மன்னிப்பதாக இல்லை. இன்று வரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. ஈவு இரக்கம் இல்லாத மனுஷன். அவர் முகத்தில் விழிப்பதில்லை, பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அத்தானுக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறாரே, அவரிடம் சொல்லி விசிலுக்குக் காட்டமாக ஒரு நோட்டீஸ் அனுப்பச் சொல். இந்தக் கடிதத்தை நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு முத்தம். சின்ன அத்தைக்கு நீண்ட ஆயுளும் குறைந்த பேச்சும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
எந்த நேரமும் முழு நிதானத்தில் இருக்கும்,
உன் தங்கை

பி.கு.: அக்கா, உறையை ஒட்டப் போன நேரத்தில் விசில் கண்ணாடி அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். மைக் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் டப்பாவைப் பார்த்தபடியே, "ஏம்மா, அந்த ஊசி... ரொம்ப வலிக்குமா?" என்றார். போன வாரம்தான் டாக்டர் அவருக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில்கூடச் சொல்லவில்லையாம், மருந்தைப் பிரிக்காமல் பயந்துபோய் வைத்திருக்கிறார். "ஆபீஸ்ல சொல்லிடாதீங்கம்மா, எங்கயாவது மூலையில போட்டுருவாங்க" என்றார். "யார் சார் போடுவாங்க? அந்த வேலையைப் பாக்குறதே நீங்கதானே" என்றேன். சிரிக்கப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். எறும்புக் கடி அளவுகூட இருக்காது சார் என்று சொல்லி இரண்டு பிஸ்கட் கொடுத்தேன். சர்க்கரை போடாததுதான். ஆகையால் அவரைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நோட்டீஸ் வேண்டாம். கடிதத்தை யாருக்கும் காட்டாதே. நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு மேலாளர் அம்மாளிடம் போகிறேன், தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம்.