இரண்டு மணி நேரத்தில் பனிக்கரை

ஒரு காட்டில் சடையன் என்று ஒரு கரடி இருந்தது. அதைவிடப் பெரிதாக அதன் பெருமை இருந்தது. அதன் தங்கை நாச்சியும் அங்கேதான் குடியிருந்தது. இருவருக்கும் மூத்த அண்ணன் வெகுதூரம் தள்ளி, வடக்குக் கோடியில் பனிக்கரைக் காட்டில் வாழ்ந்துவந்தது. அண்ணனுக்கு உடம்பு மிகவும் முடியவில்லை, தம்பி தங்கையைப் பார்க்க ஏங்குகிறது என்று ஒரு நாள் சேதி வந்தது.

நாச்சி உடனே கிளம்பிவிட்டது. ஒரு வாரம் நடந்தால் போய்விடலாம், நீயும் வா என்று சடையனைக் கூப்பிட்டது.

சடையனுக்குச் சிரிப்பு வந்தது. நாரைகள் கூடி அப்போதுதான் ஒரு வான்சேவை தொடங்கியிருந்தன. கூடையில் உட்கார்ந்தால் போதும், தூக்கிக்கொண்டு பறக்கும். சடையன் செல்போனில் தட்டிப் பார்த்தது. வான்வழித் தூரம் இருபது காதம், பறக்கும் நேரம் இரண்டு மணி என்று காட்டியது.

"நீ கால் தேய நடந்து வா தங்கச்சி. நான் போய் அண்ணனோடு சாப்பிட்டுவிட்டு உனக்கு மிச்சம் வைக்கிறேன்" என்றது.

நாச்சி வடக்கே பார்த்து நடந்தது.

நாரைகள் கிளம்பும் இடம் பக்கத்துக் காட்டில் இருந்தது. அங்கே போகவே சடையனுக்கு ஒரு பகல் பிடித்தது. வாசலில் குரங்குகள் அதை மேலும் கீழும் தடவிச் சோதித்தன. அண்ணனுக்கென்று கொண்டுவந்த தேனைத் திரவம் என்று சொல்லிப் பிடுங்கி, அதன் கண் முன்னாலேயே குடித்தன. பிறகு மூடுபனி என்றன. பனி விலகியதும் நாரைகளுக்குச் சிறகு வலி என்றன. எப்போதுதான் கிளம்பும் என்று கேட்ட போதெல்லாம், அறிவிப்பு செய்யும் மைனா, பறக்கும் நேரம் இரண்டு மணிதான் என்று இனிமையாகச் சொன்னது. அதைக் கேட்டதும் சடையனுக்குச் சமாதானமாகிவிடும்.

ஒருவழியாகக் கூடை கிளம்பியது. பாதி வழியில் ஒரு சதுப்பு நிலத்தில் நாரைகள் அதை இறக்கிவிட்டன. அங்கிருந்து வேறு நாரைகள் தூக்க வேண்டும். அவையோ முட்டையிடப் போயிருந்தன. குஞ்சுகள் பறக்கப் பழகிய பிறகுதான் வருமாம். கொசுக்கடியில் கிடந்த சடையனுக்கு, நடந்தே போயிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. கூடையில் வந்தவன் நடந்து போனால் மானம் என்னாவது என்று உட்கார்ந்தே இருந்தது.

அது பனிக்கரையில் இறங்கியபோது அண்ணனுக்குக் கருமாதியே முடிந்திருந்தது.

நாச்சி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணன் தலையை மடியில் வைத்து, வாயில் தண்ணீர் விட்டது அதுதான். சடையன் வந்துவிட்டானா என்று அண்ணன் கடைசிவரை கேட்டதாம். ஆனாலும் பனிக்கரைக் கரடிகள் நாச்சியை ஓர் ஓரமாகத்தான் உட்காரவைத்திருந்தன. காலெல்லாம் புழுதியாம். கூடையிலிருந்து சடையன் இறங்குவதைக் கண்டதும் அத்தனையும் எழுந்து நின்றன. காட்டின் தலைவர் முன்னால் வந்து, எவ்வளவு நேரப் பயணம் என்று மரியாதையோடு விசாரித்தார்.

சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "இரண்டே மணி நேரம். சேதி கேட்டதும் பறந்து வந்தேன். அண்ணன்தான் அவசரப்பட்டுவிட்டார்."

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. செத்துப்போன கரடிக்கு எப்போதுமே பொறுமை போதாது என்று சில கரடிகள் முணுமுணுத்தன. நாச்சி எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தெற்குப் பக்கம் நடந்தது.

நீதி: வான்வழிப் பயண நேரம் ஒருபோதும் தவறாது, சாகிறவர்கள்தான் அதை அனுசரித்துச் சாக வேண்டும்.