மண்வெட்டிக்காரிக்கு ஒரு சிலை

எங்கள் ஊரில் பதினேழு சிலைகள் உண்டு. பதினேழும் ஆண்கள். அவர்களுள் ஒருவர் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். அந்தக் குதிரை பெண்குதிரை என்பதால், பெண்களுக்குரிய இடம் முன்பே வழங்கப்பட்டுவிட்டது என்பது நகராட்சியின் நெடுங்காலக் கருத்து.

பதினெட்டாவதாக மண்வெட்டிக்காரிக்குச் சிலை வேண்டும் என்று மனுக் கொடுத்தவர், கீழைத்தெருவில் செடிப்பண்ணை வைத்திருக்கும் அம்மாள். மலையடி ஊற்றிலிருந்து ஊருக்குள் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தவள் மண்வெட்டிக்காரி. அந்த வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. பண்ணையின் நாற்றுகளும் கீழைத்தெருவின் குடங்களும் அதை நம்பியே இருக்கின்றன. அவள் கதை ஊரில் பதினொரு விதமாக வழங்குகிறது. தனியாக வெட்டினாள் என்பார்கள். ஆறு மருமகள்களோடு வெட்டினாள் என்பார்கள். மாமியார் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் வெட்டிக்கொண்டே போனாள் என்றும் ஒரு வடிவம் உண்டு. பதினொன்றிலும் மாறாத வரி ஒன்றே: அவள் எவரையும் கேட்கவில்லை.

கோப்பைக் கவனித்த எழுத்தர் அம்மாளின் அண்ணன் மகன்.

"அத்தை, செத்ததுக்குச் சான்றிதழ் இருக்கா?"

"யாரு செத்ததுக்குடா?"

"மண்வெட்டிக்காரி. உயிரோட இருக்கறவங்களுக்குச் சிலை வைக்க விதியில இடமில்ல."

"இருநூறு வருஷம் ஆச்சேடா!"

"ஆச்சுன்னு யாரு பதிஞ்சு வச்சா? பதிவேட்டுல சாகாதவங்க எங்களுக்கு உயிரோடதான் இருக்காங்க."

உயிரோடு இருப்பவர் நேரில் வந்து சம்மதம் தெரிவிக்கவேண்டும் அல்லவா? மண்வெட்டிக்காரிக்கு மூன்று அழைப்பாணைகள் பிறப்பிக்கப்பட்டன. முகவரி தெரியாததால் வாய்க்கால் கரை மரத்தில் ஒட்டினார்கள். ஒன்றை ஓர் ஆடு தின்றது. "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று கோப்பில் குறிக்கப்பட்டது.

பெற்றுக்கொண்டும் வராதவளின் பொருட்டு, ஆணையர் அம்மாளையே விசாரணைக்கு அழைத்தார்.

"அவங்க அப்படி என்னதாம்மா செஞ்சாங்க?"

ஒருவராவது கேட்டாரே என்று அம்மாளுக்கு மனம் குளிர்ந்தது. "ஊருக்கே தண்ணி கொண்டுவந்தாங்க சார். அனுமதி கினுமதின்னு ஒரு ஆளுகிட்டயும் போய் நிக்கல!"

ஆணையர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "ஒரு ஆளுகிட்டயும்?"

"ஒரு ஆளுகிட்டயும்!" என்றார் அம்மாள், தலை நிமிர்ந்து.

எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுவாரம் ஆணை வந்தது. மேற்படி நபர் உரிய அனுமதியின்றி வாய்க்கால் அமைத்ததை மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால், மேற்படி வாய்க்காலை மண்ணிட்டு மூட இதனால் உத்தரவிடப்படுகிறது. சிலைக் கோரிக்கை தனியே பரிசீலனையில் உள்ளது.

மண் லாரி பண்ணை வாசலில் வந்து நின்றது.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல அத்தை?"

"பாராட்டப் போறாருன்னுல்ல நினைச்சேன்! தண்ணி போச்சுன்னா என் நாத்தெல்லாம் கருகிப் போயிடும்டா. ஏதாவது வழி சொல்லு."

"மனுஷங்க வெட்டினாத்தான் அனுமதி வேணும். தானா ஓடி வந்தா அது ஓடை. ஓடையை மூட விதியில இடமில்ல."

"அப்ப அவங்க?"

எழுத்தர் ஒரு காகிதத்தை நீட்டினார். "அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லன்னு ஊரு கையெழுத்துப் போடணும்."

அம்மாள் லாரியைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்க தாயே" என்று முனகிவிட்டு முதல் கையெழுத்தைப் போட்டார். அவருக்குப் பின்னால் அறுநூறு பேர் போட்டோம். பதினொரு வடிவங்களுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்ட ஊர், பன்னிரண்டாவதில் ஒருமனப்பட்டது: அவள் இல்லை.

அவள் பிறக்கவே இல்லை என்ற சான்றிதழ் அன்று மாலையே கிடைத்தது. மண்வெட்டிக்காரி என்ற பெயரில் அந்த அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ் அது ஒன்றுதான்.

லாரி திரும்பிப் போயிற்று. தண்ணீர் ஓடுகிறது. கரையில் இப்போது ஒரு பலகை நிற்கிறது: "இயற்கை ஓடை. கண்டறிந்தவர்: ஆணையர்." நன்றி மறவாத ஊர் என்பதால் பதினெட்டாவது சிலையை அவருக்கே வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். அறுநூறு கையெழுத்தும் தயார். அவர் இன்னும் உயிரோடு இருப்பது ஒன்றே குறை.