ஷிகெஹாருவின் சூறாவளி வடிகட்டி

இந்த வருஷம் இலையுதிர்காலப் போட்டிக்குத் தன் தங்கமீன் போயே தீரும் என்று சபதம் செய்தார் ஷிகெஹாரு. தங்கமீனுக்குப் பேர்போன யாமாதோகோரியாமாவில் இது சாதாரண சபதம் இல்லை. அந்த ஊரில் ஆம்பளையின் மானம் மீன்தொட்டியில்தான் மிதக்கிறது. ஐந்து வருஷமாக ஆகஸ்ட் பிறந்தால் போட்டிக்கு மீன் தேர்ந்தெடுக்கத் தங்கமீன் சங்கத்தார் வருவார்கள், தொட்டியை எட்டிப் பார்ப்பார்கள், "வெயில் ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

நகரும் படிக்கட்டுகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற மனிதர். சும்மா கிடக்கிற எதுவும் அவருக்குப் பிடிக்காது, தன்னைத் தவிர. தொட்டித் தண்ணீரும் சும்மா கிடக்கக் கூடாது என்று முடிவு கட்டி, குளத்துக்கு வைக்கிற பம்பு ஒன்றும், பீப்பாய் அளவுக்கு ஒரு வடிகட்டியும் வாங்கிவந்து மாட்டினார்.

சுவிட்சைப் போட்டதும் கொல்லையே அதிர்ந்தது. மனைவி கினுயே கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"என்னங்க, குஞ்சுங்கல்லாம் குட்டிக்கரணம் போடுது."

"உடற்பயிற்சி."

"ராஞ்சு ஜாதித் தங்கமீனுக்கு முதுகுல துடுப்பே கிடையாது. நேரா நீந்தறதே அதுக்குப் பெரும்பாடு. ரெண்டு போய் குழாய் வலையில ஒட்டிக்கிச்சு பாருங்க."

"சொத்தை போகட்டும். மிஞ்சறது சாம்பியன்."

"பழைய காத்து மோட்டாரும் பஞ்சு வடிகட்டியும் போதாதா? ஊரே பாசி பிடிச்ச பச்சைத் தண்ணியிலதானே வளர்க்குது."

"அதான் ஊரு உருப்படலை. நீ முள்ளங்கி ஊறுகாயைப் பாரு. இயந்திரத்தை நான் பாத்துக்கறேன்."

"சரி. இந்தப் பீப்பாயை வாராவாரம் கழுவறது இயந்திரமா, ஊறுகாயா?"

ஷிகெஹாரு ஆழ்ந்து யோசித்தார். "அது வீட்டு வேலை."

"அப்ப என் பொறுப்பு," என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். சண்டை போடவில்லை. கினுயே சண்டை போடாத நாளில்தான் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவருக்குப் பிடிபடவே இல்லை.

பம்பு இரைந்துகொண்டே இருந்தது. தொட்டித் தண்ணீர் மெல்லப் பச்சையானது. குட்டிக்கரணம் நின்றது. குஞ்சுகள் உடம்பு உருண்டு, தலை பூரித்து, வால் விரிந்து கிடந்தன.

"பாத்தியா? வடிகட்டி தண்ணியைப் பக்குவப்படுத்துது."

"ஆமாங்க. சத்தத்துலயே தெரியுதே."

ஆகஸ்டில் சங்கத் தலைவர் முரோதா இரண்டு பேரோடு வந்தார். தொட்டியைப் பார்த்தவர் வெயிலைப் பற்றிப் பேசவே இல்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"இவ்வளவு பெரிய பம்பு ஓடுது. ராஞ்சு எப்படிப் பிழைச்சுது?"

"சூட்சுமம் உள்ள இருக்கு," என்று ஷிகெஹாரு பீப்பாயின் மூடியைத் திறந்தார். வாங்கிய நாளிலிருந்து இப்போதுதான் திறக்கிறார்.

உள்ளே கிணற்றுத் தண்ணீரில் இரண்டு தர்பூசணியும் ஒரு பாட்டில் பார்லி டீயும் ஒய்யாரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பம்பின் குழாய் இரண்டுமே தொட்டிக்குப் போகவில்லை. பீப்பாயிலிருந்து கிளம்பி பீப்பாய்க்கே திரும்பின. தொட்டி மூலையில் ஓட்டுச் சில்லுக்குப் பின்னால் பழைய பஞ்சு வடிகட்டி அடக்கமாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"மூடுங்க, குளிர்ச்சி போயிடும்," என்றபடி கினுயே கத்தியோடு வந்தாள். "சரி, தொறந்தாச்சு. வெட்டிடறேன்."

ஷிகெஹாருவுக்குப் பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. முரோதா மட்டும் ரசித்து ஒரு துண்டு தின்று, விதையைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்தார்.

"இந்தத் தொட்டி மீனு போட்டிக்கு வருது. யாரு பேருல எழுதிக்கட்டும்?"

ஷிகெஹாரு வாயைத் திறப்பதற்குள் கினுயே சொன்னாள்: "என் பேருல எழுதிக்கோங்க. இவரு தூக்கிட்டு வருவாரு."